சேத்துப்பட்டு டிபி ஆராய்ச்சியும் மருந்துக் கம்பெனிகளின் கம்ப்யூட்டர் கணக்கும்

பி.காம். படிக்கிறவனுக்கு மருந்து ஆராய்ச்சியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். இருக்கிறது. ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்கும் ஆராய்ச்சியும் ஒரு வகையில் கணக்கு எழுதும் வேலைதான். யாருக்கு எந்த மருந்து கொடுத்தோம், எந்தத் தேதியில், என்ன ஆனது என்று ஒவ்வொரு ஆளுக்கும் பதிவு வேண்டும். அந்தப் பதிவில் பொய் கலந்தால் முடிவும் பொய்யாகிவிடும். நம்ம சென்னையிலேயே இதற்கு ஒரு பெரிய சரித்திரம் இருக்கிறது.

1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாகாண அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு காசநோய் ஆராய்ச்சி மையத்தைத் தொடங்கின. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர். அந்தக் காலத்தில் டிபி வந்தால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்க வேண்டும் என்பதுதான் வைத்தியம். தாம்பரம் சானடோரியம் என்று ரயில்வே ஸ்டேஷனுக்கே பெயர் வந்தது அப்படித்தான். ஆனால் நோயாளிகள் ஏராளம், படுக்கைகளோ கொஞ்சம். படுக்கை கிடைத்தாலும் பிரச்சினைதான். எங்கள் நெட்டுக்குப்பம் மாதிரி ஊரில் வீட்டு ஆள் ஒரு வருஷம் கடலுக்குப் போகாமல் படுத்தால் அடுப்பு எரியுமா?

அதனால் அவர்கள் நேரடியாக ஒரு கேள்வி கேட்டார்கள். ஒரே மாத்திரையை வீட்டிலிருந்தே சாப்பிட்டால் குணமாகாதா? சென்னையின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 பேரை, யாருடைய விருப்பமும் கலக்காமல், குலுக்கல் மாதிரி இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு வீட்டில், ஒரு பிரிவு சானடோரியத்தில். இரண்டு பேருக்கும் ஒரே மருந்து, ஒரு வருஷம். 1959-ல் முடிவு வெளியானது. சானடோரியத்தில் 92 சதவீதம் பேருக்கும் வீட்டில் 86 சதவீதம் பேருக்கும் நோய் அடங்கியிருந்தது. வீட்டில் இருந்தவர்களுக்குச் சத்தான சாப்பாடு கிடையாது, நெருக்கடியான வீடு. அப்படியும் பெரிய வித்தியாசம் இல்லை! ஐந்து வருஷம் தொடர்ந்து பார்த்ததில், வீட்டில் வைத்தியம் பார்த்ததால் குடும்பத்தாருக்கு நோய் அதிகம் தொற்றவும் இல்லை. 1962-ல் வந்த தேசிய காசநோய்த் திட்டம் வீட்டு வைத்தியத்தை நம்பி நின்றதற்கு இதுதான் ஆதாரம்.

இதை உலகம் எப்படி நம்பியது? "மாத்திரை சாப்பிட்டேன்" என்று நோயாளி சொன்னதை மட்டும் அவர்கள் எழுதிக்கொள்ளவில்லை. சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மீதி மாத்திரையை எண்ணினார்கள். சிறுநீரை வாங்கி மருந்து உள்ளே போயிருக்கிறதா என்று சோதித்தார்கள்.

இதெல்லாம் காகிதக் காலம். ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு படிவம். அதில் தப்பாக எழுதினால் அழிக்கவோ வெள்ளை மை பூசவோ கூடாது. பழைய எண் தெரியும்படி ஒரே கோடு போட்டு, பக்கத்தில் சரியானதை எழுதி, கையெழுத்தும் தேதியும் போட வேண்டும். கணக்குப் புத்தகத்துக்கு நாம் படிக்கும் அதே விதி! படிவத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது இரண்டு பேர் தனித்தனியாக அடிப்பார்கள். இரண்டும் ஒத்துப்போகாத இடத்தை மட்டும் எடுத்துப் பார்ப்பார்கள். இதற்கு டபுள் டேட்டா என்ட்ரி என்று பெயர். நம்ம டபுள் என்ட்ரி சிஸ்டம் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள் :)

பிறகு ஆஸ்பத்திரியிலேயே ஒரு கம்ப்யூட்டரை வைத்து நேரடியாகப் பதியும் முறை வந்தது. இன்டர்நெட் வந்ததும் அதுவே இணையப் பக்கமாக மாறியது. இதைத்தான் எலக்ட்ரானிக் டேட்டா கேப்சர் என்கிறார்கள். நர்ஸ் ரத்த அழுத்தம் 120 என்பதை 1200 என்று அடித்தால் அந்த நிமிஷமே கேள்வி கேட்கும். ஆண் நோயாளிக்குக் கர்ப்பப் பரிசோதனை முடிவு போட்டாலும் விடாது. எல்லாக் கேள்விக்கும் பதில் வந்த பிறகு டேட்டாபேஸைப் பூட்டிவிடுவார்கள். அதற்கப்புறம்தான் எந்த மருந்து ஜெயித்தது என்று கணக்குப் போடுவார்கள்.

இதில் முக்கியமானது ஆடிட் டிரெயில். அமெரிக்க எஃப்.டி.ஏ. 1997-ல் கொண்டுவந்த 'பார்ட் 11' விதி இதைக் கட்டாயமாக்கியது. யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்று கம்ப்யூட்டரே குறித்துக்கொள்ள வேண்டும். பழைய பதிவும் மறையக்கூடாது. நம் நாட்டில் கம்பெனிகளின் அக்கவுன்டிங் சாப்ட்வேருக்கு இதே விதி 2023 ஏப்ரல் 1 முதல்தான் வந்தது. மருந்துக்காரர்கள் நம்மைவிட கால் நூற்றாண்டு முன்னால்!

அப்படியானால் இனி ஏமாற்றவே முடியாதா? 2014-ல் பிரான்ஸ் மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரிகள் ஹைதராபாத்தில் ஜி.வி.கே. பயோசயின்சஸ் நிறுவனத்தின் ஆராய்ச்சி மையத்தைச் சோதித்தார்கள். ஒன்பது ஆய்வுகளில் ஈ.சி.ஜி. பதிவுகள் திருத்தப்பட்டிருந்ததாகச் சொன்னார்கள். நிறுவனம் இதை ஒப்புக்கொள்ளவில்லை. 2015 ஜனவரியில், அந்த மையத்தின் ஆய்வுகளை நம்பி அனுமதி பெற்ற பல மருந்துகளை நிறுத்திவைக்க ஐரோப்பிய மருந்து முகமை பரிந்துரைத்தது. மொத்தம் சுமார் 700 வகைகள். அவற்றால் யாருக்கும் தீங்கு வந்ததாக ஆதாரம் இல்லை என்றும் அது சொன்னது. ஆனால் பதிவை நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

ஆடிட்டிங் பேப்பரில் வவுச்சிங், வெரிஃபிகேஷன் என்று இரண்டு பாடம் வரும். புத்தகத்தில் இருக்கும் பதிவுக்கு ரசீது இருக்கிறதா என்று பார்ப்பது வவுச்சிங். சரக்கு உண்மையிலேயே குடோனில் இருக்கிறதா என்று போய்ப் பார்ப்பது வெரிஃபிகேஷன். ஆடிட் டிரெயில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முதல் வேலைக்குத்தான் உதவும். உள்ளே வரும்போதே பொய்யாக வந்த எண்ணை அது தேதி, நேரம், பெயரோடு பத்திரமாக வைத்துக்கொள்ளும். இரண்டாவது வேலைக்கு ஆள்தான் போக வேண்டும். 1956-ல் சேத்துப்பட்டு ஊழியர்கள் சொல்லாமல் போய்க் கதவைத் தட்டி மாத்திரை எண்ணினார்களே, அந்த வேலை.

ஓ.எம்.ஆர். பக்கம் கிளினிக்கல் டேட்டா மேனேஜ்மென்ட் வேலைக்குப் போகிற நண்பர்கள் உண்டு. நாள் முழுக்க ஸ்கிரீனில் எண்களைப் பார்க்கிற வேலை, போர் என்பார்கள். அந்த ஒவ்வொரு வரிக்கும் பின்னால், நம்பி மாத்திரையை விழுங்கிய ஒரு ஆள் இருக்கிறார். அதை நினைத்துக்கொண்டு பார்த்தால் போர் அடிக்காது என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?