இங்கிலாந்து அமெச்சூர் ஸ்னூக்கர் சம்பியன்ஷிப்: சம்பளமில்லா மேசையில் உருவான உலக சம்பியன்கள்

1973இல் பம்பாயில் நடந்த உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வென்று, இலங்கைக்கு முதல் உலக சம்பியன் பட்டத்தைக் கொண்டுவந்தவர் மர்ஹூம் எம்.ஜே.எம். லாபீர். பில்லியர்ட்ஸைப் போலவே ஸ்னூக்கரிலும் அவர் தேசிய சம்பியனாக இருந்தவர். விளையாட்டைத் தொழிலாகக் கொள்ளாதவர்களுக்கான போட்டிதான் அமெச்சூர் போட்டி. அதனால் அது இரண்டாம் தரமானது என்று எண்ணுவோர் பலர். ஸ்னூக்கரின் வரலாறு அந்த எண்ணத்துக்கு நேர்மாறானது. அதற்குச் சிறந்த சான்று இங்கிலாந்தின் தேசிய அமெச்சூர் சம்பியன்ஷிப்.

ஸ்னூக்கர் பிறந்தது இங்கிலாந்தில் அல்ல. 1875இல் இந்தியாவின் ஜபல்பூரில், பிரித்தானிய இராணுவ அதிகாரிகளின் உணவு மண்டபத்தில் அது உருவானது. அதிகாரி நெவில் சேம்பர்லின் அதன் தந்தையாகக் கருதப்படுகிறார். பின்னாளில் பிரித்தானியப் பிரதமரான சேம்பர்லின் வேறொருவர். விளையாட்டு இங்கிலாந்துக்குச் சென்ற பின்னரும் நீண்டகாலம் பில்லியர்ட்ஸுக்கே மதிப்பு இருந்தது.

முதலாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1916இல் இங்கிலாந்து அமெச்சூர் சம்பியன்ஷிப் ஆரம்பமானது. சார்ள்ஸ் ஜாக்ஸ் முதல் சம்பியனானார். தொழில்முறை வீரர்களுக்கான உலக சம்பியன்ஷிப் 1927இல்தான் தொடங்கியது. அதில் வென்ற ஜோ டேவிஸுக்குக் கிடைத்த பரிசு வெறும் ஆறு பவுண் பத்து ஷில்லிங். ஆக, அமெச்சூர் போட்டியே பதினொரு வருடம் மூத்தது.

இரண்டாம் உலகப் போரால் 1941 முதல் 1945 வரை போட்டி நடக்கவில்லை. 1946இல் மீண்டும் தொடங்கியபோது வென்றவர் ஜோன் புல்மன். பின்னர் தொழில்முறைக்கு மாறிய அவர் 1957இல் உலக சம்பியனானார். ஆனால் அவ்வருட உலகப் போட்டியில் கலந்துகொண்டோர் நால்வர் மட்டுமே. பார்வையாளரும் பணமும் இல்லாமற் போகவே அப்போட்டி நின்றுபோனது. 1964இல் அது மீண்டும் தொடங்கியபோதும், சம்பியனுடன் ஒருவர் மோதும் சவால் போட்டியாகவே இருந்தது.

தொழில்முறை ஸ்னூக்கர் தூங்கிக்கிடந்த அந்த வருடங்களில் விளையாட்டைக் காப்பாற்றியவர்கள், பகலில் வேலைக்குப் போய் இரவில் கழக மேசையில் பயிற்சி எடுத்த சாதாரண மனிதர்கள். 1963இல் சம்பியனான கேரி ஓவன் தீயணைப்பு வீரர். அதே வருடம் கல்கத்தாவில் நடந்த முதலாவது உலக அமெச்சூர் ஸ்னூக்கர் போட்டியிலும், 1966இல் கராச்சியில் நடந்த இரண்டாவது போட்டியிலும் அவரே வென்றார். அவரது சகோதரர் மார்கஸ் ஓவன் இங்கிலாந்துப் பட்டத்தை நான்கு தடவை வென்றவர்.

1964இல் வென்ற ரே ரியர்டன் வேல்ஸைச் சேர்ந்த சுரங்கத் தொழிலாளி. ஒரு தடவை சுரங்கம் இடிந்து மூன்று மணி நேரம் மண்ணுக்குள் புதையுண்டு உயிர்தப்பியவர். பின்னர் பொலிஸில் சேர்ந்தார். அவரிடம் இறுதிப் போட்டியில் தோற்ற ஜோன் ஸ்பென்சர், அடுத்த வருட இறுதியிலும் தோற்று, மூன்றாவது முயற்சியாக 1966இல் வென்றார்.

இம்மூவரும் 1967இல் தொழில்முறைக்கு மாறினார்கள். 1969இல் உலக சம்பியன்ஷிப் பழைய நொக்அவுட் முறைக்குத் திரும்பியபோது இறுதியில் மோதியவர்கள் ஸ்பென்சரும் கேரி ஓவனும். ஸ்பென்சர் வென்றார்.

அடுத்து நடந்ததைக் கணக்கிட்டுப் பாருங்கள். 1969 முதல் 1979 வரையிலான பதினொரு உலகப் பட்டங்களில் ரியர்டன் ஆறும் ஸ்பென்சர் மூன்றும் பெற்றனர். 1977, 1978 இங்கிலாந்து அமெச்சூர் சம்பியனான டெரி கிரிபித்ஸ் 1979இல் உலகப் பட்டத்தை வென்றார். மொத்தம் பத்துப் பட்டங்கள் அந்த ஒரே போட்டியின் முன்னாள் சம்பியன்களுக்கே சென்றன. மீதியுள்ள 1972ஆம் வருடப் பட்டத்தை வென்ற அலெக்ஸ் ஹிக்கின்ஸும் வட அயர்லாந்தின் அமெச்சூர் சம்பியனாக இருந்தவரே.

1979இல் 16 வயதுச் சிறுவன் ஜிம்மி வைட் பட்டம் வென்றபோது அப்போட்டி உச்சத்தில் இருந்தது. பின்னர் தொலைக்காட்சி பணத்தைக் கொண்டுவந்தது. 1991இல் தொழில்முறை ஸ்னூக்கரின் கதவு எல்லோருக்கும் திறக்கப்பட்டது. திறமைசாலிகள் பதின்ம வயதிலேயே அப்பக்கம் சென்றனர். இங்கிலாந்துப் பட்டத்தின் பழைய மதிப்பு குறைந்தது.

விளையாட்டு வீரர்களை வெற்றிபெற்ற பின்னர் கொண்டாடுவது எளிது. கழக மேசையும், வருடம் தவறாத தேசியப் போட்டியும், வேலை முடிந்து வந்து பயிற்சி பெற ஓர் இடமும் இல்லையென்றால் கொண்டாட ஒருவர் உருவாகமாட்டார். வேல்ஸுக்கு ரியர்டன் கிடைத்ததும் நமக்கு லாபீர் கிடைத்ததும் அத்தகைய மேசைகளிலிருந்துதான். நமது ஊர்களின் விளையாட்டுக் கழகங்களை நடத்துவோர் இதை மனதிற் கொள்வது நல்லது.