தொடக்கப்பள்ளி வகுப்பறையில் திருவருகைக்காலம்: ஏரவாடா, புனே

திருவருகைக்காலம் என்பது கிறிஸ்துமஸுக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட ஆயத்தக் காலம். நவம்பர் 30க்கு மிக அருகில் வரும் ஞாயிறன்று தொடங்கும். 2026இல் அது நவம்பர் 29. மகாராஷ்டிரத்தில் கல்வியாண்டு ஜூனில் தொடங்குவதால், தீபாவளி விடுமுறை முடிந்து பிள்ளைகள் வகுப்புக்குத் திரும்பிய சில வாரங்களிலேயே இது வந்துவிடுகிறது.

புனேயின் ஏரவாடாவை வெளியூர்க்காரர்கள் மத்திய சிறையையும் 1932ஆம் ஆண்டு பூனா ஒப்பந்தத்தையும் வைத்தே அறிவார்கள். சலேசியச் சபையின் டான் போஸ்கோ பள்ளியும் இங்கே இருக்கிறது. அச்சபையினர் இந்தியாவில் முதலில் வந்திறங்கிப் பணி தொடங்கியது தஞ்சாவூரில், 1906இல்.

திருவருகைக்காலத்தின் சடங்குப் பொருள்களில் பல, பெரியவர்களின் வழிபாட்டிலிருந்து பிள்ளைகளுக்கு இறங்கி வந்தவை அல்ல, பிள்ளைகளுக்காகவே பிறந்தவை. ஜெர்மனியின் ஹாம்பர்க்கில் ஆதரவற்ற சிறுவர்களுக்கு இல்லம் நடத்திய யோகான் ஹின்ரிஷ் விசர்ன் என்ற போதகரை, கிறிஸ்துமஸ் எப்போது வரும் என்று பிள்ளைகள் ஓயாமல் நச்சரித்தார்களாம். 1839இல் அவர் ஒரு பழைய வண்டிச்சக்கரத்தில் ஞாயிறுகளுக்கு நான்கு பெரிய வெள்ளை மெழுகுவர்த்திகளும் மற்ற நாள்களுக்குச் சிறிய சிவப்பு மெழுகுவர்த்திகளும் வைத்து, நாளுக்கு ஒன்றாக ஏற்றினார். இன்று கோயில்களில் காணும் நான்கு மெழுகுவர்த்தி வளையத்துக்கு மூலம் அதுதான். பல முனைகள் நீட்டி நிற்கும், மொராவியக் கிறிஸ்தவச் சபையாரின் காகித நட்சத்திரம், நீஸ்கி என்ற ஊரின் பள்ளியில் வடிவியல் பாடத்துக்காகச் செய்யப்பட்டது. கதவு திறக்கும் நாட்காட்டியை 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மியூனிக்கின் கெர்ஹார்ட் லாங் பரப்பினார்.

புனே ஆசிரியருக்கு ஒரு வசதி உண்டு: பாதி வேலையைத் தீபாவளியே முடித்து வைத்திருக்கும். மூங்கில் குச்சியும் வண்ணக் காகிதமும் கொண்டு ‘ஆகாஷ் கந்தீல்’ விளக்கு செய்யப் பழகிய கை, ஐந்துமுனை ஸ்டார் செய்யத் திணறாது. கிறிஸ்துமஸ் குடிலும் அப்படியே. தீபாவளிக்கு இங்குள்ள சிறுவர்கள் வாசலில் மண்ணைக் குழைத்துச் சிவாஜியின் கோட்டையாகக் ‘கில்லா’ கட்டுவார்கள். கல்லை அடுக்கி, மேலே கோணி போர்த்தி, செம்மண் பூசி, கடுகைத் தூவித் தண்ணீர் தெளித்தால் சில நாளில் சரிவெல்லாம் பச்சை பிடித்துவிடும். டிசம்பரில் அதே வித்தையில் பெத்லகேம் குன்று எழும்புகிறது. கடுகுக்குப் பதில் கேழ்வரகோ கோதுமையோ தூவலாம். தமிழ்நாட்டுப் பிள்ளைக்கு இது முளைப்பாரி போலத் தெரியும். விதை ஊன்றி முளைக்கும்வரை காத்திருப்பது, ‘காத்திருத்தல்’ பற்றிய எந்தப் போதனையையும்விட ஆறு வயதுக்கு நன்றாகப் புரிகிறது.

கிறிஸ்துமஸ் நாடகத்தில் மேய்ப்பர்களுக்குத் தலையில் துண்டைக் கட்டிவிடுவதோடு பெரும்பாலும் நிறுத்திக்கொள்கிறார்கள். மழைக்காலம் முடிந்து ஆட்டுமந்தையோடு புனே வட்டார வயல்களைக் கடந்துபோகும் தங்கர் இடையர்களின் கோங்கடிக் கம்பளியைத் தோளில் போட்டுவிட்டால் கதை பக்கத்து ஊருக்கு வந்துவிடும்.

மேற்குக் கரைக் கிறிஸ்தவ வீடுகளின் பலகாரமான கல்கல் வகுப்பறைக்கு ஏற்றது. மைதா, சர்க்கரை, தேங்காய்ப்பால் சேர்த்துப் பிசைந்த மாவில் கோலியளவு எடுத்து, முள்கரண்டியின் பின்புறத்தில் அழுத்திச் சுருட்டினால் வரிவரியாகச் சங்கு விழும். பிள்ளைகள் சுருட்டட்டும், பொரிப்பது பெரியவர் வேலை.

நெருப்பு விஷயத்தில் அலட்சியமே கூடாது. கும்பகோணத்தில் 2004 ஜூலை 16 அன்று பள்ளிக் கூரை எரிந்து 94 குழந்தைகள் மாண்டதை அறிந்த எவரும், வைக்கோல் குடிலுக்குப் பக்கத்தில் மெழுகுவர்த்தி ஏற்றமாட்டார்கள். பேட்டரி விளக்கு போதும்.

ஒரே வகுப்பில் பல சமயப் பிள்ளைகள் இருப்பார்கள். அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியில், பெற்றோர் சம்மதமின்றி எந்தச் சிறுவரையும் சமய போதனையிலோ வழிபாட்டிலோ பங்கேற்க வைக்கக் கூடாது என்கிறது அரசியலமைப்பின் 28ஆம் பிரிவு. ஆகவே கைவேலை, கதை, பாட்டு ஆகியவற்றை எல்லாருக்கும் பொதுவாக வைத்து, செபத்தைத் தனியே பிரித்துவிடுவது நல்லது.

கிறிஸ்துமஸ் அன்று பள்ளி இருக்காது. கொண்டாட்டம் விடுமுறைக்கு முன்பே முடிந்தாக வேண்டும். கடையில் வாங்கும் 24 கதவு நாட்காட்டி இதனால் வகுப்புக்குப் பொருந்துவதில்லை. வேலைநாள்களை மட்டும் எண்ணி அட்டையில் கதவு வெட்டி, ஒவ்வொன்றிலும் ஒரு பிள்ளையின் பெயரை எழுதிவிட்டால், இன்று யார் திறப்பது என்ற தகராறும் தீரும்.