மீண்டெழுந்த பழைய நகர்

போலந்து நாட்டின் தலைநகராகிய வார்சோவிலே, விஸ்துலா ஆற்றின் மேற்குக் கரையில், பழைய நகர் எனப்படும் சிறு பகுதி ஒன்று உண்டு. கல் பாவிய ஒடுங்கிய வீதிகளும், பல வண்ண முகப்புக்களையுடைய மாடிவீடுகளும், நடுவே அமைந்த சந்தைச் சதுக்கமும் அங்குச் செல்வோரின் கண்ணைக் கவர்வன. பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியளவில் தோன்றிய குடியிருப்பு அது. ஆயினும், இன்று காணப்படும் சுவர்களுட் பெரும்பாலானவை 1945ஆம் ஆண்டின் பின்னர் எழுப்பப்பட்டவை என்பதை அறியுங்கால் வியப்பு மேலிடும்.

இரண்டாம் உலக மகாயுத்தத்தின்போது, 1944ஆம் ஆண்டு ஆகஸ்ட் 1ஆந் திகதி, ஜேர்மன் ஆதிக்கத்துக்கு எதிராக வார்சோ மக்கள் கிளர்ந்தெழுந்தனர். போர் 63 நாட்கள் நீடித்தது. பழைய நகரைக் காத்து நின்ற வீரர்கள், செப்டெம்பர் மாதத் தொடக்கத்திலே, நிலத்தின்கீழ்ச் செல்லும் கழிவுநீர் வாய்க்கால்களினூடாக வெளியேற நேர்ந்தது. கிளர்ச்சி ஒடுங்கிய பின்னரும் அழிவு ஓயவில்லை. எஞ்சிய மக்கள் வெளியேற்றப்பட, கட்டடங்கள் தீயிட்டும் வெடிவைத்தும் முறையாகத் தகர்க்கப்பட்டன. பழைய நகரில் நூற்றுக்கு 85 பங்குக்கு மேல் அழிந்தொழிந்தது.

ஒரு நாட்டு மக்களின் நினைவையே அழிக்க முயன்ற செயல் அது. ஆதலின், இடிபாடுகளை அகற்றிவிட்டுப் புதுநகர் ஒன்றை அமைப்பதோடு போலந்து மக்கள் மனநிறைவு கொள்ளவில்லை; இழந்ததை இழந்தவாறே மீட்கத் துணிந்தனர். அதற்கு இரு செல்வங்கள் கைகொடுத்தன. ஒன்று, பதினெட்டாம் நூற்றாண்டில் போலந்து மன்னரின் அவையில் விளங்கிய இத்தாலிய ஓவியர் பெர்னார்டோ பெல்லோட்டோ தீட்டிய நகர்க் காட்சிகள். மற்றொன்று, யுத்தத்துக்கு முன்னர் வார்சோத் தொழில்நுட்பக் கழகத்தின் ஆசிரியரும் மாணாக்கரும் பழங் கட்டடங்களை அளந்து வரைந்த படங்கள். இவற்றுட் பல இரகசியமாகக் கொண்டுசெல்லப்பட்டு, பியோட்ர்கூவ் என்னும் ஊரிலுள்ள துறவிமடத்துக் கல்லறைகளில் ஒளித்துவைக்கப்பட்டிருந்தன. பாடப் பயிற்சியாக வரையப்பட்ட கோடுகள் ஒரு நகருக்கு உயிரளித்தன.

1953ஆம் ஆண்டிலே சந்தைச் சதுக்கம் மீளத் திறக்கப்பட்டது. அரச மாளிகையைக் கட்டும் பணி 1971ஆம் ஆண்டில் தொடங்கி, 1984ஆம் ஆண்டில் அது மக்களுக்குத் திறந்துவைக்கப்பட்டது. இடையே, 1980ஆம் ஆண்டில், யுனெஸ்கோ தாபனம் பழைய நகரை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

புதிதாகக் கட்டியதைப் பழமை என்னலாமோ என வினவுவாரும் உளர். முகப்புக்கள் பழமையைக் காட்டினும், உள்ளே வீடுகள் இக்கால வாழ்வுக்கு ஏற்ப அமைக்கப்பட்டன என்பது உண்மையே. அன்றியும், எல்லா இழப்பும் ஈடு செய்யப்படவில்லை. பழைய நகருக்கு அணித்தாயிருந்த யூதர் வாழ்பகுதி 1943ஆம் ஆண்டிலே தரைமட்டமாக்கப்பட்டது. அதன் இடிபாடுகளின் மீது முற்றிலும் புதிய குடியிருப்பே எழுந்தது. கல்லை மீளக் கல்லின்மேல் வைக்கலாம். கொல்லப்பட்ட மக்களை மீட்டல் எவர்க்கும் இயலாது.

மாளிகையின் முன்னே, மன்னர் மூன்றாஞ் சிகிஸ்முந்தின் உருவத்தைத் தாங்கிய உயர்ந்த தூண் நிற்கின்றது. 1644இல் நிறுவப்பட்டு, 1944இல் வீழ்த்தப்பட்டு, 1949இல் புதுக் கல்லில் மீண்டும் நாட்டப்பட்டது அது. முறிந்த பழந் தூணின் துண்டங்கள் மாளிகையின் அருகிலேயே இன்றும் கிடக்கின்றன. மீட்டெடுத்ததைப் போலவே இழந்ததையும் மறைக்காது காட்டும் அந்நேர்மையே இந்நகரின் உண்மையான பழம்பெருமை எனலாம்.