குருதிக்குத் திறந்த வாயில்

கோட்டைக்கு வாயில் வேண்டும். ஆனால், வாயில் உள்ளவிடத்துப் பகைவனும் அதன் வழியே புகக்கூடும். செயலிழந்த சிறுநீரகத்தின் தொழிலைப் பொறியினாற் செய்விக்கும் மருத்துவத்தின் வரலாறு, அத்தகைய வாயிலொன்றைத் திறந்து, பின் அதனைக் காத்து நின்ற வரலாறேயாகும்.

1943ஆம் ஆண்டு, ஜெர்மானியப் படையின் பிடியிலிருந்த ஒல்லாந்து நாட்டில், காம்பென் என்னும் சிறு நகரிலே வில்லெம் கொல்ஃப் என்ற வைத்தியர் செயற்கைச் சிறுநீரகத்தை நோயாளரிடத்துப் பயன்படுத்தினார். சுழலும் உருளையிற் சுற்றிய செலோபேன் குழாயினூடே குருதி ஓடிற்று. அதிலிருந்த கழிவுகளைத் தொட்டியின் உப்பு நீர் வாங்கிக்கொண்டது. தொடக்கத்திற் சிகிச்சை பெற்றோருட் பெரும்பாலோர் மாண்டனர். 1945இல் 67 வயது மாது ஒருவர் உணர்வு மீண்டு பிழைத்தார். எனினும், ஒவ்வொரு முறையும் புதிய குருதிக்கலனைத் திறக்க வேண்டியிருந்தது. கலன்கள் தீர்ந்தவுடன் சிகிச்சையும் தீர்ந்தது.

இத்தடையை 1960இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரிலே பெல்டிங் ஸ்க்ரிப்னர் நீக்கினார். கையின் நாடியிலும் நாளத்திலும் டெஃப்லோன் குழாய்களைப் பொருத்தி, சிகிச்சை இல்லாத வேளைகளில் அவற்றை வெளியே வளைகுழாயினால் இணைத்தார். இவ்வழியில் முதன்முதற் சிகிச்சை பெற்ற இயந்திரத் தொழிலாளி மேலும் 11 ஆண்டுகள் வாழ்ந்தார். ஆயினும், தோலைத் துளைத்து நின்ற குழாயின் ஓரத்திலே கிருமிகள் குடியேறின. உள்ளே குருதி உறைந்தது.

1966இல் நியூ யோர்க் வைத்தியர்களான பிரெஷியா, சிமினோ முதலிய நால்வர் வேறு வழியை அறிவித்தனர். மணிக்கட்டில் நாடியையும் நாளத்தையும் தோலின் கீழே இணைத்தால், நாளம் பருத்து ஊசி ஏற்றத்தக்கதாகும். அந்நியப் பொருள் ஏதும் உடலில் தங்காமையாற் கிருமிக்கு இடம் குறைந்தது. ஆனால், இந்நாளம் பக்குவப்பட வாரங்களும் மாதங்களும் செல்லும். சிலருக்கு அது வாய்ப்பதுமில்லை. அத்தகையோருக்குக் கழுத்தின் பெருநாளத்திற் செலுத்தும் மென்குழாயே துணையாகின்றது.

இக்குழாய் வழியே நுழையும் கிருமி, குளிர்நடுக்கத்தோடு கூடிய காய்ச்சலாகத் தன்னைக் காட்டும். தோலில் வாழும் ஸ்டபிலோகொக்கஸ் இனமே இதற்குப் பெரும்பாலும் காரணம். அது குழாயின் உட்சுவரிற் பசைபோன்ற படலத்தைப் போர்த்திக்கொண்டு உறைகின்றது. குருதியிற் செல்லும் மருந்து, மிதக்கும் கிருமிகளை அழிப்பினும் படலத்துள் இருப்பவற்றை எளிதில் அழிப்பதில்லை. மருந்தை நிறுத்தியதும் காய்ச்சல் திரும்புவது இதனாலேயாம்.

போர்ணியோத் தீவின் மண்ணிலிருந்து பிறந்த வன்கோமைசின் என்னும் மருந்து, 1958இல் அமெரிக்காவிற் பாவனைக்கு வந்தது. சிறுநீரகத்தாலேயே வெளியேற்றப்படும் மருந்தாதலின், சிறுநீரகம் ஓய்ந்தவரின் உடலில் அது பல நாள் தங்கிற்று. பழைய வடிசவ்வுகளின் காலத்திலே வாரத்துக்கு ஒருமுறை கொடுத்தலே போதுமாயிருந்தது. நோயே மருந்துக்குத் துணைநின்ற விந்தை இது! பின்னர் வந்த நுண்துளை பெரிதான சவ்வுகள் மருந்தையும் கழுவி நீக்கியமையால், கொடுக்கும் முறையை மாற்ற வேண்டியதாயிற்று.

இவ்வனுபவங்களின் பயனாக இன்றைய முறை உருவாயிற்று. மருந்து தொடங்குமுன் குருதியை எடுத்துக் கிருமியை வளர்த்துப் பார்ப்பர். முடிவு வரும்வரை பலவகைக் கிருமிகளையும் தாக்கும் மருந்துகளைக் கொடுத்து, பின் உரியதொன்றைத் தெரிவர். ஸ்டபிலோகொக்கஸ் ஓரியஸ் என்னும் கொடிய வகையோ பூஞ்சணமோ காணப்படின் குழாயை அகற்றுவர். இருதய வால்வுகளிலும் முள்ளந்தண்டிலும் அவை பற்றிக்கொள்ளும் என்பதே அச்சம். வன்மை குறைந்த கிருமியாயின், காய்ச்சல் தணிந்தபின் குழாயை மாற்றுவர். அல்லது குருதிக்கு மருந்து கொடுப்பதோடு, செறிந்த மருந்துக் கரைசலைக் குழாயினுள்ளும் நிரப்பிப் பூட்டிவைப்பர்.

மருந்து எத்துணை வலியதாயினும், கிருமி உறையும் இடத்தை நாடாதவிடத்து வெற்றி நிலைப்பதில்லை. குழாயைத் தொடும் கைகளின் தூய்மையும், காலத்தே அமைக்கப்படும் நாளப் பிணைப்புமே இவ்வாயிலின் சிறந்த காவலாளர்.