கடல்கோளும் பாண்டிநாட்டுக் கடற்கரையும்

மதுரையை அடுத்து, வைகைக்கரையில் பரவை என்னும் ஊர் உள்ளது. பரவை என்பது கடலுக்கும் பெயராம். உள்நாட்டூர் அப்பெயர் பெற்ற காரணத்தை யாம் ஈண்டு ஆராயப் புகுந்திலேம். அவ்வூரையொட்டி ஓடும் ஆற்றுக்கும் கடற்கரையின் நிலைபேற்றுக்கும் உள்ள தொடர்பே எம் கருத்தாகும்.

முதற்சங்கம் இருந்த மதுரையும் இடைச்சங்கம் இருந்த கபாடபுரமும் கடல்கொள்ளப்பட்டன என்று இறையனார் களவியலுரை கூறும். பஃறுளியாறும் குமரிக்கோடும் கடலுள் மறைந்தமையைச் சிலப்பதிகாரம் சுட்டும். இவைகொண்டு, பாண்டிநாட்டுக் கரை கடலுக்கு என்றும் இரையாகியே வந்தது எனக் கொள்வார் உளர். அக்கொள்கை பொருந்தாது என்பதற்குக் கொற்கையே சான்று. முத்துக்குப் பெயர்பெற்ற அத்துறைமுகம் இன்று கடலினின்று சில கிலோமீட்டர் உள்ளே கிடக்கின்றது. தண்பொருநை கொணர்ந்த வண்டலே கரையைக் கிழக்கே தள்ளியது. 1968-69ஆம் ஆண்டுகளில் தமிழக அரசின் தொல்லியல் துறை அங்கு அகழாய்வு நடத்திற்று. ஆகவே, கடல் நிலத்தைக் கொள்ளுதலும் ஆறு நிலத்தை வளர்த்தலும் ஒரே நாட்டு வரலாற்றின் இரு கூறுகளாம்.

இக்கால அறிவியலாரும் கடல்மட்டம் ஒன்றனையே அளவுகோலாகக் கொள்வதில்லை. நிலவமைப்பு, கரைச்சரிவு, கடல்மட்ட மாற்றம், கரையின் தேய்வும் வளர்ச்சியும், அலையுயரம், ஓதவேறுபாடு ஆகிய ஆறனையும் சேர்த்தே ஒரு கரையின் நலிவைக் கணிப்பர். 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயர்ந்துள்ளது. 1964 திசம்பரில் தனுக்கோடியை அழித்தது புயலலையே. எனினும், கடல்மட்டம் உயருந்தோறும் அத்தகைய அலை மேலும் உள்ளேறும் என்பது தெளிவு.

மக்கள் செயலும் இதிற் பங்குடையது. மன்னார் வளைகுடாத் தீவுகள் இருபத்தொன்றனுள் இரண்டு நீரில் மூழ்கின. அரணாய் நின்ற பவளப்பாறைகளை அகழ்ந்தெடுத்தமை அதற்கு ஒரு காரணமாகக் கூறப்படுகின்றது. வைகையின் குறுக்கே 1959இல் திறக்கப்பெற்ற அணை உழவர்க்கு உயிர்நாடி; ஆயினும், அணைகள் நீரோடு மணலையும் தேக்குவன. ஆற்றுமணல் அள்ளுதலும் அதனோடு சேருங்கால், கொற்கைக் கரையை வளர்த்தது போன்ற வண்டல் கடலைச் சென்றடைதல் அரிதாகின்றது.

கடல்கோளை ஊழ்வினையென்று மட்டும் படித்தல் போதாது. இலக்கியமும் கல்வெட்டும் குறிக்கும் துறைமுகங்களையும் கழிமுகங்களையும் இன்றைய கரையோடு ஒப்பிட்டு வரையறுத்தல் தமிழாய்வாளர் கடனாம். எக்கரை வளர்ந்தது, எக்கரை தேய்ந்தது என்னும் நெடுங்கால வரலாறு, இனி எவ்வூரை முதற்கண் காத்தல் வேண்டும் எனத் துணிவார்க்குப் பெரிதும் பயன்படும்.