பலாவின் காழ்



பண்ருட்டி என்றதும் பலாச்சுளை நினைவுக்கு வரும். பண்ருட்டியிலிருந்து வடலூருக்குச் செல்லும் சாலையில் எங்கள் காடாம்புலியூர் இருக்கிறது. கனியின் புகழைக் கேட்டிருப்பீர்கள். இன்று அதன் கட்டையைப் பற்றிச் சொல்லப் போகிறேன்.

புறத்தே வன்மையுடையதைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையதை மரம் என்றும் தொல்காப்பிய மரபியல் பிரிக்கிறது. அந்த அகவன்மையே காழ். தச்சர் அதனை வைரம் என்பர். பலாவின் காழ் மஞ்சள் நிறத்தது. நாட்பட நாட்பட வெளிச்சம் பட்டுச் செம்பழுப்பாகும். தென்கிழக்கு ஆசியப் பௌத்தத் துறவியரின் ஆடைக்குக் காவி ஏற்றியதும் பலாக்கட்டையைக் காய்ச்சிய சாயமே.

தஞ்சையில், 17-ஆம் நூற்றாண்டில் ஆண்ட இரகுநாத நாயக்கர் காலத்தில்தான் வீணை 24 மெட்டுகளுடன் இன்றைய வடிவம் பெற்றது என்பர். அதற்கு உரிய மரம் பலா. குடத்தையும் தண்டியையும் ஒரே கட்டையில் குடைந்தால் ஏகாண்ட வீணை. தனித்தனியே செய்து பொருத்தினால் ஒட்டு வீணை. நுனியில் யாளி முகம் செதுக்கும்போது தச்சர் சிற்பியாகிவிடுகிறார். 2013-இல் தஞ்சாவூர் வீணை புவிசார் குறியீடு பெற்றது. மிருதங்கம் செய்வோரும் பண்ருட்டிப் பலாவைத் தேடி வருவர்.

2011 டிசம்பர் 30 அன்று காலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. பாட்டன்மார் வைத்த பலாவும் முந்திரியும் தோப்புத் தோப்பாகச் சாய்ந்தன. எல்லார் தோப்பிலும் மரம் விழுந்துகிடந்தால் வாங்குவோர் யார்? வைரம் பாய்ந்த கட்டைகள் விறகு விலைக்கு வண்டியேறியதைக் கண்டேன். மரம் விழுந்ததைவிட அதுவே பெரிய இழப்பு என்பது என் எண்ணம். அருகே நெய்வேலியில் 1957 முதல் தோண்டப்படும் பழுப்பு நிலக்கரியும் பண்டைக் காலத்து மரந்தான். அது எரிவதற்கே ஆனது. பலா அப்படியா?

சிலர் பொறுத்தார்கள். ஈரம் விரைந்து இறங்கினால் கட்டை வெடிக்கும். ஆதலால் வெட்டுமுகத்தில் சாணம் பூசி நிழலில் அடுக்கி, மாதக்கணக்கில் காத்திருந்தார்கள். பிறகு அது விசுப்பலகையும் நிலையும் மேசையுமாயிற்று. கோணலான கவட்டையைக்கூட நல்ல தச்சர் வீணாக்குவதில்லை. அந்த வளைவையே நாற்காலியின் கையாக்கிவிடுவார். காரைக்குடிக் கடைகளில், இடித்த வீடுகளின் பர்மாத் தேக்குக் கதவும் தூணும் இவ்வாறே மறுபடி விலைபோகின்றன.

புயலுக்குப் பின் நட்ட கன்றுகள் இன்று காய்க்கின்றன. ஆனால் வீணைக் குடம் குடையத் தக்க பருமனும் காழும் சேர முப்பது, நாற்பது ஆண்டுகளாவது செல்லும். எனவே பழைய பலா ஒன்று சாய்ந்தால், விறகு வியாபாரிக்குச் சொல்லுமுன் தச்சரை அழைத்துக் காட்டுங்கள் என்று எங்கள் ஊர் உழவர்களிடம் சொல்லி வருகிறேன். சிலர் அழைக்கிறார்கள்.