திறவுகோலும் சாவியும்

கொடைக்கானல் செல்வோர் பலரும் கடந்துபோகும் திண்டுக்கல், பூட்டுக்குப் பெயர் பெற்ற ஊர். 2019இல் அப்பூட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அவற்றுள் மாங்காய்ப் பூட்டு வடிவத்தால் பெயர் பெற்றது.

'பூட்டு', ஏர் பூட்டுதலில் உள்ள அதே தமிழ்ச்சொல். 'சாவி'யோ போர்த்துக்கீசியம் தந்தது. அதற்கு முன்பே திறவுகோலும் தாழ்க்கோலும் நம்மிடம் இருந்தன. பின்னது 'தாக்கோல்' என மலையாளத்தில் இன்றும் வழங்குகிறது.

அரபியிலும் இதே நிலைதான். 'ஃபதஹ' (திறந்தான்) என்னும் வினையடியாகப் பிறந்த கருவிப்பெயர் 'மிஃப்தாஹ்'. திறவுகோலின் சொல்லமைப்பே அது. ஆயினும் திருக்குர்ஆன் 39:63இல் திறவுகோல்களைக் குறிக்க 'மகாலீத்' வருகிறது. இது பாரசீக வழிச் சொல் என்னும் கருத்தை இமாம் ஸுயூத்தீ (ரஹ்) (இறப்பு ஹி. 911 / கி.பி. 1505) பதிவு செய்துள்ளார்கள். அப்பாரசீகச் சொல்லின் வேரோ கிரேக்கத்தில் உள்ளது.

குர்ஆனில் அயற்சொல்லே இல்லை என்பது இமாம் ஷாஃபிஈ (ரஹ்) அவர்களின் நிலைப்பாடு. பிறப்பால் அயலாயினும், அரபியர் நாவில் புழங்கிய பின் அது அரபியே என்று இரு தரப்பையும் இணைத்தார்கள் அபூ உபைத் (ரஹ்). எனக்கு இதுவே சரியெனப் படுகிறது. அந்த அளவுகோலின்படி சாவியும் தமிழே. திண்டுக்கல் பட்டறைகளில் புழங்கும் 'லிவ'ரும் தமிழே. அதை விரட்ட முனைவோரின் கவலை, அலிகாரின் இயந்திரப் பூட்டுகளுக்கு ஈடுகொடுக்க இயலாமல் நலிந்துவரும் அப்பட்டறைகளின் பக்கம் திரும்பினால் நல்லது.